வரக்காப்பி குடித்த மாதங்கள்

என் மகளுக்கு ஐந்து வாரம் ஆனபோது அவளுடைய துணியில் முதல் முறையாக ரத்தம் பார்த்தேன். என் கணவரின் பழைய வேட்டியைக் கிழித்துச் செய்த சதுரத் துணிகள் அவை. வெள்ளைத் துணியில் மஞ்சள் மலம், அதோடு கொஞ்சம் சளி, சளிக்குள் மிளகாய்த் தோல் மாதிரி இரண்டு மூன்று சிவப்பு இழைகள். தின்றதில் ஏதோ கலந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. அவளுக்கு ஏது தீனி, என் பாலைத் தவிர அவள் வாயில் வேறெதுவும் போகவில்லையே என்பது அப்புறம்தான் உறைத்தது.

அது எண்பதுகளின் பின்பாதி. ஏற்காட்டிலிருந்து கரடியூர் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் என் கணவர் ரைட்டராக இருந்தார். காலையில் ஆட்களுக்குப் பேர் போட்டு, எந்தக் காட்டில் யாருக்கு என்ன வேலை என்று பிரித்துவிடுகிற உத்தியோகம். எங்களுக்கென்று இரண்டு அறையில் ஒரு குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி ஏழு வருடம் ஊர் வாயை எல்லாம் கேட்டு முடித்த பிறகு பிறந்தவள் இவள். எனக்கு அம்மா இல்லை. மாமியார் ஈரோட்டில் தன் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். அதனால் பிள்ளை பெற்றவள் என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்பதையெல்லாம் காதில் விழுந்ததை வைத்து நானே முடிவு செய்துகொண்டேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் உண்டு. மூக்குக்கு மேல் கோபமும் உண்டு. இரண்டும் சேர்ந்தவளுக்கு யார் புத்தி சொல்ல வருவார்கள்?

மறுநாளும் ரத்தம் வந்தது. அடுத்த நாள் வரவில்லை என்று மூச்சுவிட்டேன். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் அதிகமாக வந்தது. மழை மாதம் அது. மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். துணி காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, ஒவ்வொரு துணியாகப் புகையில் காயவைத்தேன். ரத்தக் கறை போகாத துணிகள் கண்ணுக்கு நேராகத் தொங்கிக்கொண்டே இருக்கும். சோறு வடிக்கும்போது நிமிர்ந்து பார்க்காமல் இருக்கப் பழகினேன்.

பஸ் பிடித்துச் சேலத்துக்குப் போனோம். அங்கே பெரியவர் ஒருவர், பெயர் போன டாக்டர், சீதபேதி என்று மருந்து கொடுத்தார். மலத்தைச் சோதித்ததில் கிருமி எதுவும் இல்லை என்று சீட்டு வந்தது. இருந்தாலும் மருந்தைத் தொடரச் சொன்னார். பத்து நாள் ஊட்டினேன். மருந்தைத் துப்புவதற்கு அவள் கற்றுக்கொண்டாளே தவிர ரத்தம் நிற்கவில்லை. இரண்டாவது முறை போனபோது, "தாய்ப்பாலை நிறுத்திட்டு டின் பால் குடுத்துப் பாரும்மா" என்றார். மலை ஏறுகிற பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நிறுத்த மாட்டேன், நிறுத்த மாட்டேன் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன். ஏழு வருடம் காத்திருந்தவளுக்கு மாரில் பால் ஊறியதே பெரிய அதிசயம். அதை ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரே வரியில் நிறுத்தச் சொல்கிறார்.

"கோவிச்சுக்காத புள்ள. நம்ம ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் புதுசா ஒரு டாக்டரம்மா வந்திருக்காங்களாமா. அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாம்" என்றார் கணவர்.

பஜாரைத் தாண்டி அப்போது ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. டாக்டரம்மாவைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. மெட்ராஸ்காரர். இருபத்தாறு, இருபத்தேழு வயதுதான் இருக்கும். இரட்டைச் சடை பின்னிவிட்டால் கான்வென்ட் பிள்ளைகளோடு வரிசையில் நிறுத்திவிடலாம். எனக்கோ முப்பத்தொன்று. "இந்தப் பாப்பாவா நம்ம பாப்பாவுக்கு வைத்தியம் பாக்கப் போகுது?" என்று கணவரின் காதில் கேட்டேன். காதில் கேட்டதாகத்தான் நினைப்பு.

"ஆமாங்க, இந்தப் பாப்பாதான்" என்று அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

எடை போட்டார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, வெளுத்திருக்கு என்றார். நான் பையில் சுற்றி எடுத்துப் போயிருந்த துணியை முகம் சுளிக்காமல் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு பிள்ளையை விட்டுவிட்டு என்னைக் கேட்க ஆரம்பித்தார். நீங்க என்ன சாப்பிடறீங்க? சோறு, ரசம், பூண்டுக் குழம்பு, கருவாடு என்று வரிசையாகச் சொன்னேன்.

"பால் குடிப்பீங்களா?"

"சாயங்காலம் ஒரு டம்ளர் பூண்டுப் பாலுங்க. பால் ஊறணுமில்லீங்களா?"

"வேற எப்பவாவது?"

"வேற பாலே குடிக்கறதில்லீங்க."

"அதை நிறுத்திடுங்க. பசும்பால், எருமைப்பால் எதுவும் வேண்டாம். ஆனா பாப்பாவுக்கு உங்க பாலை நிறுத்த வேண்டாம்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவருக்குக் கோவில் கட்டலாம் என்று இருந்தது. ஆனாலும் நம் குணம் விடுமா? நான் குடிக்கிற பாலுக்கும் அவள் வயிற்றில் வருகிற ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பசும்பாலில் ஒரு புரதம் இருக்கிறது, அதில் துளியிலும் துளி என் பால் வழியாகப் பிள்ளைக்குப் போகிறது, எல்லாப் பிள்ளைக்கும்தான் போகிறது, இவள் குடல் மட்டும் அதை எதிரி என்று நினைத்துக்கொள்கிறது என்றார். எனக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"உங்க வீட்டுல நாய் இருக்கா?"

"இருக்குதுங்க."

"பால்காரம்மா வந்தா குரைக்குமா?"

"தெனமும் குரைக்கும். நான் ஒரு அதட்டு போட்டா அடங்கிடும்."

"குடல்லயும் அப்படித்தாங்க. காவல் காக்கற அணுக்கள் அங்க நிறைய இருக்கு. சாப்பாடு, கிருமின்னு தெனம் என்னென்னமோ உள்ள வருதே, எல்லாத்தையும் பாத்து அதுங்க பாய்ஞ்சா குடல் புண்ணாயிடும். அதனால அதுங்களை அதட்டி அடக்கறதுக்குன்னு வேற அணுக்களும் உள்ளேயே இருக்கணும். இது நம்ம சாப்பாடுதான், சும்மா இருன்னு சொல்ல. உங்க பாப்பாவுக்குக் காவல் வந்துடுச்சு. அதட்டற ஆள் இன்னும் சரியா வளரலை. வளர்ந்துட்டா தானா சரியாயிடும். அதுவரைக்கும் அந்தப் பாலை உள்ள விடாம இருக்கணும்."

என் கணவர் எதையும் ஒரு தடவை சரிபார்க்காமல் விடமாட்டார். "அதட்டற அணுன்னு ஒண்ணு நெசமாலுமே இருக்குதுங்களா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதுலதாங்க சண்டை. இருக்குன்னு ஒரு கட்சி, இல்லவே இல்லைன்னு ஒரு கட்சி. நான் படிச்ச காலேஜ்ல ரெண்டு புரொபசர் இதனாலயே பேசிக்க மாட்டாங்க. எனக்கென்னமோ இருக்கும்னுதான் தோணுது."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன டாக்டரை அன்றுதான் முதலில் பார்த்தேன். அதனாலேயே அவர் சொன்னதை அப்படியே செய்வது என்று முடிவெடுத்தேன்.

அன்று சாயங்காலமே பூண்டுப் பால் நின்றது. ஆனால் ரத்தம் என்றால் உடம்பில் சூடு என்று எனக்குத் தெரியாதா? டாக்டரம்மா சின்னப் பெண், மெட்ராஸ் பெண், சூட்டைப் பற்றி அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அதை மட்டும் நானே பார்த்துக்கொண்டேன். காலையில் ஒரு சொம்பு மோர், மத்தியானம் ஒரு சொம்பு மோர், வெந்தயம் போட்டு, குளிர்ச்சியாக. எனக்குச் சளி பிடித்தது. பிள்ளைக்காகத்தானே என்று அதையும் பொறுத்துக்கொண்டேன். அழுகை முட்டிக்கொண்டு வரும்போது ஒரு காப்பி போட்டுக் குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

மூன்று வாரம் போனது. ரத்தம் நிற்கவில்லை. முன்னாவது ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. இப்போது தினமும் வந்தது. அவள் காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டு வீறிடுவாள். பால் குடிக்கும்போதே பாதியில் காம்பை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து அழுவாள். எனக்கு என்ன கொடுக்கிறாய் என்று கேட்பது மாதிரி இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். நீங்க சொன்னபடியே பாலை நிறுத்திட்டேனுங்க, எச்சாத்தான் ஆகுது என்று கத்தினேன். டாக்டரம்மாவின் முகம் சுண்டிப்போனது. மறுபடியும் எடை போட்டார். போன முறை இருந்த எடையிலிருந்து முள் நகரவே இல்லை. 

"நான் நினைச்சது தப்பா இருக்கலாங்க. இன்னும் பத்து நாள் பாப்போம். அப்பவும் நிக்கலைன்னா தாய்ப்பாலை நிறுத்திட வேண்டியதுதான். மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், அங்க குடலுக்குள்ள குழாய் விட்டுப் பாப்பாங்க." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அந்தப் பத்து நாளில் ஆறு நாள் எப்படிப் போனது என்று எனக்கு நினைவில்லை. ஏழாம் நாள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. காலை நேரம். நாய் குரைத்தது. நான் எழுந்து அதட்டக்கூட இல்லை.

பால்காரக்கா கரடியூர்க்காரர். மலையில் தலைமுறை தலைமுறையாகக் காடு திருத்தி வாழ்கிற குடும்பம். கொஞ்சம் சாமை, கேழ்வரகு, நாலு சால் காப்பிச் செடி, இரண்டு மாடு. அந்த மாடுகளைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால் பெற்ற மகளைச் சொன்னது மாதிரி பொங்கிவிடுவார். அன்று வாசலில் தூக்குப் பாத்திரத்தை இறக்கிய விதத்திலேயே கோபம் தெரிந்தது.

"ஏனுங்க ரைட்டரம்மா, எம் மாட்டுப் பாலுதான் கொழந்தைக்கு ஆவலைன்னு ஆஸ்பத்திரில பேசிக்கறாங்களாமா? பஜாருல கேட்டுட்டு வந்து எங்க ஊட்டுக்காரரு சொல்றாரு. எனக்கு நொம்பச் சங்கடமாப் போச்சுங்க."

"உங்க மாடுன்னு யாரும் சொல்லலக்கா. எந்த மாட்டுப் பாலும் ஆகாதுன்னாங்க. அதுவும் இல்லைன்னு ஆயிருச்சு. நாந்தான் பால நிறுத்திட்டனே, அப்பவும் ரத்தம் நிக்கலையே."

"நிறுத்திட்டீங்களா? எதைங்க?"

"பாலத்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நான் தெனமும் இங்க ஊத்திட்டுப் போறது என்னதுங்க, கழனித் தண்ணியா?"

"அது காப்பிக்குக்கா. மிச்சம் தயிருக்கு."

"காப்பி யாருங்க குடிக்கறாங்க?"

"அவரும் நானும்தான்."

"மோரு?"

"நாந்தான்."

பால்காரக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "ஏனுங்க சாமி, நீங்க பால நிறுத்துனேன்னு சொல்ற நாளையில இருந்து எங்கிட்ட ஒரு ஆழாக்கு சேத்தித்தான வாங்கறீங்க? மோருக்குப் பத்தலைன்னு நீங்கதான கேட்டீங்க? அந்தக் காப்பியும் மோரும் எம் மாட்டு மடியில இருந்து வராம, மரத்துல இருந்தா வருது?"

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி ஏமாறுகிறவர்களைப் பற்றிச் சொல்வார்கள். நான் அதற்கும் ஒரு படி மேலே. எனக்கு வெளுத்தது மட்டும்தான் பால். பழுப்பாக இருந்தால் காப்பி, புளித்தால் மோர், உருக்கினால் நெய். டாக்டரம்மா பால் குடிப்பீர்களா என்று கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கம் காப்பியைப் பால் என்று யாராவது சொல்வார்களா? பூண்டு போட்டு, பனங்கற்கண்டு போட்டு, உடம்புக்கு என்று குடிப்பதுதான் பால். காப்பி காப்பிதான். ஒரு நாளைக்கு ஆறு காப்பி குடித்துக்கொண்டு, அதற்கு மேல் இரண்டு சொம்பு மோரும் குடித்துக்கொண்டு, பாலை நிறுத்திவிட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் போய்ச் சண்டை பிடித்திருக்கிறேன்.

இதில் பால்காரக்காவைத்தான் நினைக்க வேண்டும். என் வீட்டில் பால் நின்றால் அவருக்குத் தினமும் ஒரு படி பால் மிஞ்சும். அது தெரிந்தேதான் சொன்னார்.

உரம் ஏற்ற பஜாருக்குப் போன எஸ்டேட் ஜீப்பில் பிள்ளையோடு ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் வரிசையைத் தாண்டி உள்ளே போய், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எத்தனை காப்பி?" என்றார் டாக்டரம்மா.

"ஆறுங்க. பனி கடுமையா இருந்தா ஏழு."

அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது கண் கலங்கியிருந்தது. சிரிப்பும் இருந்தது. "தப்பு என்னுதுதாங்க. காப்பித் தோட்டத்துல இருந்து வந்தவங்ககிட்ட, காப்பி குடிப்பீங்களான்னு கேக்காம விட்டேன் பாருங்க." அப்புறம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: காப்பி, டீ, தயிர், மோர், நெய், வெண்ணெய், பால்கோவா, பிஸ்கட். "இது எல்லாமே பால்தான். சந்தேகம் வந்தா அந்தப் பால்காரம்மாகிட்ட கேளுங்க. என்னைவிட நல்லா தெரியுது அவங்களுக்கு."

அன்றிலிருந்து வரக்காப்பி. பால் இல்லாமல் கருப்பட்டி தட்டிப் போட்ட கறுப்புக் காப்பி. மாடு இல்லாத வீட்டில், கைக்கும் வாய்க்கும் எட்டாத வீட்டில் குடிப்பது என்று ரைட்டர் பெண்டாட்டிக்கு அதன் மேல் ஒரு இளக்காரம் இருந்தது. முதல் நாள் அதைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தேன். கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை, "எனக்கும் அதையே போட்ரு புள்ள" என்றார். நீங்க எதுக்குங்க என்றேன். "அடுப்புல ரெண்டு பாத்திரம் எதுக்கு?" என்றார். பாத்திரத்துக்காக இல்லை என்பது எனக்குத் தெரியாதா. அந்த மனுஷனுக்கு நுரை பொங்கும் பால் காப்பி இல்லாவிட்டால் பொழுது விடியாது. மூக்கைப் பிடிக்காத குறையாக அதை அவர் விழுங்குவதைப் பார்க்கும்போது, கல்யாணம் ஆன நாளைவிட அன்றுதான் அவர் மேல் எனக்கு ஆசை அதிகம் வந்தது.

வெளியே போனால்தான் கஷ்டம். எங்கள் பக்கம் படியேறி வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். கொடுத்ததை வேண்டாம் என்றால் வீட்டையே வேண்டாம் என்றது மாதிரி. மேனேஜர் வீட்டம்மா கொடுத்த காப்பியை நான் தொடாமல் வைத்துவிட்டு வந்ததில் அவர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பால்காரக்கா மட்டும் எப்போதும் போல வந்தார். தூக்கில் பால் இருக்காது; கேழ்வரகு மாவோ, முருங்கைக் கீரையோ, ஒரு மடி அவரைக்காயோ இருக்கும். "பாலு வாங்காத ஊட்டுக்குப் பால்காரி வரக்கூடாதுங்களா?" என்பார். பிள்ளையைக் கையில் வாங்கி, "எங் கண்ணு, எம் மாடு உனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு சாமி?" என்று கொஞ்சுவார்.

பதினோராம் நாள் துணி சுத்தமாக இருந்தது. சளி இல்லை, சிவப்பு இல்லை, மஞ்சள் மட்டும். அதைத் துவைக்காமல் வாசலில் வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கணவரிடம் விரித்துக் காட்டினேன். இரண்டு பேரும் அந்தப் பீத்துணியைப் பட்டுச் சேலை பார்ப்பது மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தோம். மறுநாளும் சுத்தம். அதற்கு மறுநாளும் சுத்தம். மூன்றாம் வாரம் அவள் எடை ஏறியது. டாக்டரம்மா தாய்ப்பாலை நிறுத்துவதைப் பற்றியும் மெட்ராஸைப் பற்றியும் அதற்கப்புறம் பேசவே இல்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். குழாயடியில் ஒரு நாள், நான் வருவதைப் பார்க்காமல் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள்: "ரைட்டரம்மாவுக்குத் தாய்ப் பாலே வெசமா எறங்குச்சாமா." நான் குடத்தை வைத்துவிட்டு அவளை ஒரு பிடி பிடித்தேன். அவளும் மன்னிப்புக் கேட்டாள். ஆனால் அந்த வார்த்தை என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. பிள்ளை ஒழுங்காகக் குடித்தாள், தூங்கினாள், சிரித்தாள். நான்தான் அவளுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் பயந்தேன். அவள் வயிற்றைப் புண்ணாக்கியது வேறு யாரும் இல்லை, நான்தானே? அவள் காம்பை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து அழுதது கண்ணைவிட்டுப் போகவில்லை. இதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

அவளுக்கு ஒரு வயது தாண்டியதும், பாலைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. பால்காரக்காவே கறந்து எடுத்து வந்தார். ஆஸ்பத்திரியில் வைத்து முதலில் அரை ஸ்பூன். மறுநாள் இரண்டு ஸ்பூன். மூன்றாம் நாள் ஒரு சங்கு நிறைய. ஒவ்வொரு துணியையும் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நான்காம் நாளும் ஒன்றுமில்லை. ஒரு வாரம் ஆகியும் ஒன்றுமில்லை. "அதட்டற ஆளுங்க வந்துட்டாங்க போல" என்று டாக்டரம்மா அவள் வயிற்றைத் தட்டினார். பால்காரக்கா, தன் மாட்டுக்கு விடுதலை கிடைத்தது மாதிரி, யாரையும் கேட்காமல் மறுநாளே பழைய அளவுக்குப் பாலை ஊற்றிவிட்டுப் போனார். என் கணவர் அன்று தொடர்ந்து மூன்று காப்பி குடித்தார்.

கொஞ்ச நாளில் டாக்டரம்மா மேல்படிப்புக்கு மெட்ராஸ் போய்விட்டார். பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். நானும் ஒன்று அனுப்புவேன். மகள் வளர்ந்தாள். தயிர்ச் சோறு இல்லாமல் தட்டை விட்டு எழுந்திருக்க மாட்டாள். அவளுக்கு நடந்த எதையும் நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பாளோ என்று இருந்தது.

அவளுக்கு எட்டு வயதானபோது, கோடை விடுமுறைக்கு ஏற்காடு வந்த டாக்டரம்மா எங்கள் குவார்ட்டர்ஸுக்கே தேடி வந்தார். தோளில் மூன்று மாதக் குழந்தை. கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். இப்போது இரட்டைச் சடை போட்டாலும் கான்வென்ட் வரிசையில் சேர்க்க மாட்டார்கள். என் மகள் குழந்தையைப் பார்த்ததும் மடியில் வாங்கிக்கொண்டு வாசல் வெயிலில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான். எட்டு வருடமாக வைத்திருந்ததைக் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்க டாக்டரம்மா. எம் பாலாலதானுங்களே அவளுக்கு அப்படி ஆச்சு?"

அவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். என் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாததே எனக்குப் பெரிதாக இருந்தது.

"உங்க பால் வழியா வந்ததாலதான் ஆச்சு. அது நிஜம். ஆனா இன்னொண்ணும் இருக்கு. அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் கேட்டாரே, அடக்கற அணு நிஜமா இருக்கான்னு? இருக்குன்னு இப்ப நல்லாவே தெரிய ஆரம்பிச்சிருக்கு. எலிகிட்ட இருந்து அந்த அணுக்களை எடுத்துட்டா, மிச்ச அணுக்கள் குடல் மேலயே பாய்ஞ்சு புண்ணாக்கிடுது. திருப்பிக் குடுத்தா அடங்குது. அந்த அணுக்கள் பொறந்த குழந்தைக்கு மெதுவாத்தான் வளருது. அது வளர்றதுக்குத் தோதான சரக்கு தாய்ப்பால்லயே இருக்குன்னு சொல்றாங்க. இன்னும் முழுசா உறுதியாகலை. நான் நம்பறேன்."

எனக்குப் புரிந்தது. ஆனாலும் அவர் வாயால் கேட்க வேண்டும்போல் இருந்தது. "அப்படின்னா?"

"அப்படின்னா, அவ வயித்துல சண்டை வந்ததும் உங்க பால் வழியாத்தான். அந்தச் சண்டை அடங்கக் கத்துக்கிட்டதுலயும் உங்க பாலுக்குப் பங்கு இருக்குங்க." வாசல் பக்கம் திரும்பித் தன் குழந்தையைப் பார்த்தார். "நான் அதைத்தான் நிறுத்தச் சொல்ல இருந்தேன். பத்து நாள் கெடு வேற வெச்சேன். நீங்க ஏழாவது நாள் ஓடி வரலைன்னா நிறுத்தியிருப்பேன். இவ பொறந்ததுல இருந்து, இவளுக்குப் பால் குடுக்கறப்ப எல்லாம் எனக்கு அது ஞாபகம் வருது."

அவர் தலை குனிந்திருந்தது. எட்டு வருடம் நான் ஒரு பக்கம் சுமந்திருக்கிறேன், அந்தப் பெண் இன்னொரு பக்கம் சுமந்திருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க நிறுத்த வேண்டாம்னு சொன்னதைத்தானுங்க நான் நெனைச்சுட்டு இருக்கறேன்" என்றேன்.  அழுதுவிட்டேன்.

சத்தம் கேட்டு மகள் குழந்தையோடு உள்ளே வந்தாள். என்னையும் டாக்டரம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னம்மா, எதுக்கு அழற?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ கைக்கொழந்தையா இருந்தப்ப உனக்கு நான் பால் குடுத்தேன் கண்ணு" என்றேன்.

"எல்லா அம்மாவும்தான் குடுப்பாங்க" என்றாள் அவள்.